வாடகை வீடா, சொந்த வீடா? கல்முனைக் கரையோரத்தில் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

மருதமுனையில் தொடங்கி நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களில் வளவு ஒன்று விற்பனைக்கு வருவதே அரிதாகிவிட்டது. வந்தாலும் ஒரு வாரத்துக்குள் விலை மாறிவிடுகிறது. இதற்கிடையே 2025 ஏப்ரல் 1 முதல் குத்தகை உடன்படிக்கைகளுக்கான முத்திரைத் தீர்வை இரட்டிப்பானது. அதே ஆண்டு மே மாதத்தில் மத்திய வங்கி கொள்கை வட்டியைக் குறைத்தது. வாடகைக்கு இருப்பதா, கடன்பட்டாவது வாங்குவதா என்ற கேள்வி பல குடும்பங்களில் மீண்டும் எழுந்துள்ள நிலையில், பொதுமக்கள் அதிகம் கேட்கும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

கணக்கு

இந்த ஊர்களில் காணி விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது?

கிழக்கே கடல், மேற்கே நெல்வயல் என ஊர் விரிய இடமில்லாதது முதற்காரணம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்துவைக்கும் வழக்கத்தால், ஒரு வீட்டில் மூன்று மகள்மார் இருந்தால் மூன்று வீட்டுக்கான நிலம் தேவைப்படுகிறது. அதற்கான பணத்தின் பெரும்பங்கு வளைகுடா நாடுகளில் உழைப்போரிடமிருந்து வருகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, கையிருப்பைக் காணியாக மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு என்ற எண்ணமும் வலுத்தது.

ஒரு பேர்ச் என்பது எவ்வளவு? அதன் விலைக்கு அரசாங்கக் கணக்கு உண்டா?

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் சேர்ந்தது ஓர் ஏக்கர். மத்திய வங்கி வெளியிடும் காணி விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கு உரியது என்பதால், கல்முனைக்கு அதைக்கொண்டு விலை கணிக்க முடியாது. தரகர் சொல்வதும், பக்கத்து வளவு போன விலை என்று ஊரில் பேசப்படுவதுமே இங்கு சந்தை விலையாக வழங்குகின்றன. அண்மைக்காலத்தில் அருகில் நடந்த இரண்டு மூன்று விற்பனைகளில் உண்மையில் கைமாறிய தொகையை வாங்கியவரிடமே கேட்டறிவதும், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பெறுவதும் இதைவிட நம்பகமானவை.

வாடகை கொடுப்பது காசை வீணாக்குவதுதானே?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. உதாரணமாக, 150 இலட்சம் ரூபா பெறுமதியான வீடொன்று மாதம் 30,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது என வைத்துக்கொண்டால், ஆண்டு வாடகை 360,000 ரூபா. இது வீட்டு விலையில் 2.4 சதவீதம் மட்டுமே. இந்த விகிதம் குறையக் குறைய, அதே வீட்டில் வாங்காமல் குடியிருப்பது மலிவாகிறது.

அதே வீட்டைக் கடனெடுத்து வாங்கினால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?

50 இலட்சம் ரூபா கையிருப்புடன் 100 இலட்சம் ரூபாவை 20 வருடங்களுக்கு, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடனாகப் பெற்றால், மாதத் தவணை சுமார் 110,100 ரூபா. 240 தவணைகளில் செலுத்தும் மொத்தம் 264 இலட்சம் ரூபாவைத் தாண்டும். வட்டி 15 சதவீதமானால் தவணை சுமார் 131,700 ரூபாவாகும். இவை கணக்கைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுகள். உண்மையான வட்டி வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஐந்து வருடம் கட்டிவிட்டு விற்றால் நட்டம் வருமா?

மேற்கூறிய 12 சதவீதக் கடனில் முதல் 5 வருடங்களில் செலுத்தப்படும் தொகை சுமார் 66 இலட்சம் ரூபா. அதில் கடனின் முதலிலிருந்து கழிவது ஏறக்குறைய 8.25 இலட்சம் மட்டுமே. மீதி முழுவதும் வட்டிக்குப் போகும். அத்துடன் வாங்கும்போது கட்டிய முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் திரும்பி வராது. ஆகவே இடமாற்றம் எதிர்பார்க்கும் ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள் போன்றோருக்குக் குறுகிய காலத்துக்காக வாங்குவது பெரும்பாலும் இலாபமாக அமையாது.

ஆனால் காணி விலை ஏறிக்கொண்டே இருக்கிறதே, அது இலாபமில்லையா?

விலை ஏற்றம் விற்றால்தான் கைக்கு வரும். குடியிருக்கும் ஒரே வீட்டை விற்பவர், அதே விலை ஏறிய ஊரில் மீண்டும் ஒரு வீடு வாங்க வேண்டும். ஏற்றம் தொடரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. எனினும் பிள்ளைகளுக்காக எப்படியும் நிலம் வாங்கியே தீர வேண்டிய குடும்பத்துக்கு, தாமதம் என்பது கூடுதல் செலவாகலாம் என்பதும் உண்மை.

வட்டி குறைந்திருக்கிறது என்கிறார்கள். எவ்வளவு?

2023 மார்ச்சில் மத்திய வங்கியின் துணைநில் கடன் வசதி வீதம் 16.5 சதவீதம் வரை உயர்ந்திருந்தது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதம் 8 சதவீதமாக அறிமுகமானது. 2025 மே 22 இல் அது 7.75 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டுக் கடன் வட்டி இதைவிட உயர்வாகவே இருக்கும். மாறும் வட்டியில் எடுக்கும் 20 வருடக் கடன், 2022, 2023 போன்ற காலங்களையும் கடந்து செல்ல வேண்டியிருக்கும் என்பதால், நிலையான வட்டி எத்தனை வருடங்களுக்கு என்பதை எழுத்தில் பெறுவது அவசியம்.

வட்டியில்லாத முறையில் வீடு வாங்க வழியுண்டா?

உண்டு. 2005 ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் இலங்கையில் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழிசெய்தது. முழுமையான இஸ்லாமிய வங்கியாக அமானா வங்கி 2011 இல் தொடங்கியது. வேறு பல வங்கிகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. வீட்டுக்குப் பெரும்பாலும் ‘முஷாரகா முதனாகிஸா’ எனப்படும் குறைந்துசெல்லும் பங்குடைமை முறை பயன்படுகிறது. இதில் வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வீட்டை வாங்குவர். வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தியபடியே வாடிக்கையாளர் அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வார்.

அப்படியானால் மாதத் தொகை குறையுமா?

குறையும் என்று கருதத் தேவையில்லை. வங்கியின் பங்குக்கான வாடகை சந்தை நிலவரத்தை ஒட்டி மீளாய்வு செய்யப்படலாம் என்பதால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைக் கேட்டறிய வேண்டும். தவணை பிந்தினால் என்ன நடக்கும், காலத்துக்கு முன்பே பங்கை முழுவதுமாக வாங்கினால் கணக்கு எப்படி என்பவற்றையும் இரண்டு நிறுவனங்களிலாவது ஒப்பிடுவது பயன் தரும்.

தவணை தவறினால் வழக்குப் போட்டுத்தான் வீட்டை எடுப்பார்களா?

கட்டாயமில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க, வங்கிகள் கடன் அறவிடும் சிறப்பேற்பாடுகள் சட்டத்தின்படி, ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே பகிரங்க ஏலத்தில் விற்கும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. தவணை சிக்கலாகும் என்று தெரிந்தவுடன், கடிதம் வரும்வரை காத்திராமல், வங்கிக்கு எழுத்தில் அறிவித்து மறுசீரமைப்புக் கோருவதே பாதுகாப்பு.

ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்க முடியுமா?

முடியும். குறைந்தது 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் 300,000 ரூபாவும் உள்ள உறுப்பினர்கள், வீடு வாங்க, கட்ட அல்லது மருத்துவத் தேவைக்காக 30 சதவீதம் வரை எடுக்கலாம். உச்சவரம்பு 20 இலட்சம் ரூபா. எடுக்கும் தொகை ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து குறைகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாடகையும் ஒத்தியும்

ஒரு வருட வாடகைக்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதாதா?

போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெள்ளைத்தாள் உடன்படிக்கையோடு குடியிருப்பவர் நடைமுறையில் மாதவாடகைக்காரராகவே கருதப்படும் நிலை வரலாம். பிள்ளையின் பாடசாலை ஆண்டு முடியும்வரை வீடு நிச்சயமாக வேண்டும் என்போருக்கு இந்த வேறுபாடு பெரியது.

முத்திரைத் தீர்வை எவ்வளவு கூடியது?

மொத்தக் குத்தகைத் தொகையில் ஒவ்வோர் ஆயிரம் ரூபாவுக்கும் 10 ரூபாவாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 20 ரூபாவானது. மாதம் 30,000 ரூபா வீதம் 2 வருடக் குத்தகைக்கு மொத்தத் தொகை 720,000 ரூபா. தீர்வை முன்பு 7,200 ரூபா, இப்போது 14,400 ரூபா. இது ஒருமுறை மட்டும் செலுத்தப்படுவது. இரண்டு வருடப் பாதுகாப்புக்கு மாதக் கணக்கில் 600 ரூபா என்பதால், இதை மிச்சப்படுத்துவதற்காக நொத்தாரிசிடம் போகாமல் விடுவது நல்ல பேரமல்ல.

குத்தகைக் காலத்துக்குள் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டால் வெளியேற வேண்டுமா?

வேண்டியதில்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில், விற்பனையைவிட ஏற்கெனவே உள்ள குத்தகைக்கு முன்னுரிமை உண்டு. வாங்கியவர் அக்குத்தகையை ஏற்றே வாங்குகிறார். இந்தப் பாதுகாப்பு உறுதியாகக் கிடைக்க, குத்தகை நொத்தாரிசு மூலம் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருப்பது நல்லது.

காலம் முடிந்தும் குடியிருப்பவர் போகாவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

மின்சாரத்தையோ நீரையோ துண்டிப்பதும், பூட்டை மாற்றுவதும் சட்டபூர்வ வழியல்ல. குத்தகைக்கு விடப்பட்ட இடத்தின் உடைமையை விரைவாக மீளப்பெறுவதற்கான வழக்குமுறையை 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்தியுள்ளது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லா வீட்டுக்கும் ஒரேமாதிரிப் பொருந்துவதில்லை என்பதால், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

ஒத்திக்கு வீடு எடுப்பது வாடகையைவிட நல்லதா?

ஒத்தியில் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிய அத்தொகையைத் திரும்பப் பெறுவது வழக்கம். வீட்டுக்காரரால் பணத்தைத் திருப்ப முடியாமற்போவதே இதிலுள்ள பெரிய ஆபத்து. ஆகவே ஒத்தியும் நொத்தாரிசு உறுதியாக எழுதப்பட்டுப் பதியப்பட வேண்டும். அதே வீடு ஏற்கெனவே வங்கியில் ஈடு வைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பதிவகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுத்து அதன்மேல் பயன்பெறுவது மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்விக்கு உலமாக்களின் வழிகாட்டலைப் பெறுவதே பொருத்தம்.

காணியும் உறுதியும்

வீடு வாங்கும்போது முத்திரைத் தீர்வை எவ்வளவு? யார் கட்டுவது?

விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் தீர்வை உண்டு. 150 இலட்சம் ரூபா வீட்டுக்கு இது 599,000 ரூபா; வழமையாக வாங்குபவரே செலுத்துகிறார். இது மாகாண சபைக்குரிய வருமானம். நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, பதிவுச் செலவு ஆகியன இதற்கு மேலதிகம்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் தீர்வை மிச்சமாகும் என்கிறார்களே?

தீர்வை சந்தைப் பெறுமதியின்மீது கணிக்கப்படுவது என்பதால், குறைத்து எழுதப்பட்ட உறுதிக்கு மாகாண வருமானத் திணைக்களம் மதிப்பீடு செய்து மீதியை அறவிடலாம். பின்னாளில் உரிமை தொடர்பாகப் பிணக்கு ஏற்பட்டால், கொடுத்த உண்மையான தொகையை நிரூபிப்பதும் கடினமாகும். ஊரின் விலை என்ன என்பது யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருப்பதற்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

விலை பேசி முற்பணம் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. விற்பவர் பின்வாங்க முடியாதல்லவா?

பின்வாங்கலாம். காணி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு மூலம் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் செல்லும். சாதாரண ரசீதைக் காட்டி அந்தக் காணியை எழுதித்தருமாறு கட்டாயப்படுத்த முடியாது. வேறொருவர் பேர்ச்சுக்கு ஓர் இலட்சம் கூட்டிக் கேட்டதும் பேச்சு மாறுவது இந்தச் சந்தையில் நடக்கக்கூடியது. பெருந்தொகை முற்பணம் கொடுப்பதானால் நொத்தாரிசு உடன்படிக்கையுடன் கொடுப்பதே முறை.

உறுதி இருக்கிறது என்றால் போதுமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

காணி அமைந்த பகுதிக்குரிய பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது வழக்கம். ஈடு, வழக்கு, முந்திய விற்பனை ஆகியவை அதில் தெரியவரும். வரைபடத்திலுள்ள எல்லையும் தரையிலுள்ள வேலியும் பொருந்துகின்றனவா என்பதை நில அளவையாளரைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருடங்கள் தடையின்றி ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோர முடியும். ஆகவே உறுதியில் பெயருள்ளவர் யார் என்பதோடு, காணியில் இருப்பவர் யார் என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

அனுமதிப்பத்திரக் காணியை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியையும் அளிப்புக் காணியையும் சாதாரண தனியார் காணி போல விற்க முடியாது. பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி இல்லாமல் எழுதப்படும் உறுதி செல்லுபடியாகாது. மலிவு விலைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. உரிய பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கோப்பைப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது ஆபத்தானது.

வயலை நிரப்பிப் பிரித்த துண்டுகள் கரைவாகுப் பக்கம் விற்பனைக்கு வருகின்றன. வீடு கட்டலாமா?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்பவோ கட்டடம் கட்டவோ முடியாது. நிரப்பியவர் வேறொருவர் என்றாலும், கட்டட அனுமதி மறுக்கப்படும் இழப்பு வாங்கியவருக்கே. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு: மழைநீர் கடலுக்கு வடியும் வழி இந்தப் பள்ளநிலங்களே. 2024 நவம்பர் 26 இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மூடிய வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸா மாணவர்கள் உயிரிழந்ததை இப்பகுதி மறக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் விலை குறைவு. அங்கு வாங்கினால் என்ன?

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயமாகும். அதற்குள் கட்டட வேலைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதன் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடை வலயம் அறிவிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. ஒலுவில் துறைமுகம் அமைந்த பின் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் கடலரிப்பு தீவிரமானது. உறுதியில் எழுதப்பட்ட பேர்ச் அளவு இன்றும் தரையில் உள்ளதா என்பதை அளந்தே உறுதிசெய்ய வேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய வீடுகள் என்ன ஆயின?

பல திட்டங்கள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், பகிர்ந்தளிக்கும் முறை தொடர்பான உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து நீண்ட பல வருடங்கள் பூட்டியே கிடந்தன. நிலத்துக்கும் வீட்டுக்கும் இவ்வளவு தட்டுப்பாடு உள்ள கரையோரத்துக்கு இது பெரும் இழப்பு.

மூன்று பேர்ச் துண்டொன்று கிடைக்கிறது. அனுமதி கிடைக்குமா?

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளில் குடியிருப்புத் துண்டுக்கான பொதுவான குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச். சிறு துண்டுகளுக்கு விதிவிலக்கு உண்டா என்பதை வாங்கும் முன் மாநகர சபையிலோ உரிய பிரதேச சபையிலோ எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

குடும்பத்துக்குள்

மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதினால் தீர்வை குறைவா?

குறைவு. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 2 சதவீதமும் தீர்வை என்பதால், 150 இலட்சம் ரூபா வீட்டுக்கு 300,500 ரூபா வரும். வாய்ப்பேச்சில் கொடுத்த சீதன வீடு, உறுதி எழுதப்படும்வரை பதிவேட்டில் பெற்றோரின் பெயரிலேயே இருக்கும். உறுதி எழுதாமல் பெற்றோர் காலமானால், 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமையடைதல் கட்டளைச் சட்டத்தின்படி அவ்வீட்டில் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டாகும்.

மாமனாரின் வளவில் மருமகன் தன் உழைப்பில் வீடு கட்டினால் அது யாருடையது?

நிலத்தில் நிலையாகக் கட்டப்பட்டது நிலத்தோடு சேரும் என்பதே பொது விதி. ஆகவே வீடு காணியின் உரிமையாளருக்கு உரியதாகும். நல்லெண்ணத்துடன் கட்டியவர் செலவுக்கு நட்டஈடு கோரலாம், ஆனால் அதற்கு நீதிமன்றமும் ஆதாரமும் தேவைப்படும். அத்திவாரம் வெட்டும் முன் காணியை மகள் பெயரிலோ இருவர் பெயரிலோ எழுதிக்கொள்வதும், கல், சீமெந்து, கூலி ரசீதுகளையும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய வங்கிச் சான்றுகளையும் பேணுவதும் குடும்பத்தின் அமைதியைக் காக்கும்.

கீழ்வீடு மூத்த மகளுக்கு, மேல்மாடி இளையவளுக்கு என்று தனித்தனி உறுதி எழுதலாமா?

கல்முனையில் பல வீடுகளின் மொட்டைமாடியில், அடுத்த மகளுக்காக நீட்டிவிடப்பட்ட தூண் கம்பிகளைக் காணலாம். ஆனால் மேல்மாடியைத் தனி ஆதனமாக எழுத, மாடிகளைத் தனித்தனி உரிமையாக்கும் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கூட்டாதன வரைபடம் தயாரித்துப் பதிய வேண்டும். அது இல்லாவிட்டால் இருவருக்கும் முழு வளவிலும் பிரிபடாத பங்கே எழுத முடியும். அத்தகைய பங்கை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குவது வழக்கம். மாடிப்படி, கிணறு, நீர்த்தாங்கி யாருக்கு என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

ஒரு வாரிசு மட்டும் விற்கிறார், மற்றவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்கிறார். நம்பலாமா?

அவரால் தன் பங்கை மட்டுமே விற்க முடியும். மற்றவர்கள் கையொப்பமிடாவிட்டால் வாங்குபவர் கூட்டுரிமையாளராகிறார். தகராறு வந்தால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் பல வருடங்கள் வழக்காட நேரலாம். எல்லா வாரிசுகளும் ஒரே உறுதியில் ஒப்பமிடும்வரை வாடகையில் இருப்பது இங்கு மலிவான தெரிவு.

வெளிநாட்டில் வசிப்பவர் இங்கு காணி வாங்கலாமா?

இலங்கைக் குடியுரிமையுடன் கட்டாரிலோ சவூதியிலோ தொழில் செய்பவருக்குத் தடையில்லை. தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் மூலம் ஊரிலுள்ளவர் ஒப்பமிடலாம். குடியுரிமையைக் கைவிட்டவர், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுவாகக் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. அற்றோணித் தத்துவத்தை எந்தக் காணி, எந்த விலைவரை, எந்தத் திகதிவரை என்று வரையறுத்து எழுதுவது நல்லது.

சொந்த வீட்டில் இருந்தாலும் வாடகை வருமானம் போல வரி வரும் என்ற பேச்சு உண்மையா?

சர்வதேச நாணய நிதியத்துடனான வேலைத்திட்டத்தின் ஒரு பகுதியாக 2024 இல் அத்தகைய வரி பற்றிப் பேசப்பட்டது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரவில்லை. மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ செலுத்தும் சோலைவரி இதிலிருந்து வேறானது. வாடகை வீட்டின் சோலைவரியை யார் கட்டுவது என்பதைக் குத்தகை உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

உறுதி முடிந்தது. பதிவு எப்போது நடக்கும்?

நொத்தாரிசு தான் அத்தாட்சிப்படுத்திய உறுதியின் இரண்டாம் பிரதியை, அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவுக்காக மூல உறுதியைப் பதிவகத்தில் ஒப்படைப்பது வேறான வேலை. அது எவ்வளவு முந்தி நடக்கிறதோ அவ்வளவு நல்லது, ஏனெனில் ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டிருந்தால், மோசடி இல்லாத பட்சத்தில், பதிந்த உறுதிக்கே முன்னுரிமை. மூல உறுதி பதிவு இலக்கத்துடன் திரும்பிவந்த பின், பதிவேட்டுப் பிரதியொன்றைப் பெற்று, பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வரைபட இலக்கம், பேர்ச் அளவு ஆகிய நான்கும் சரியாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.